பிளக்ஸில் இல்லாத பதினோராம் நம்பர்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பையனின் முகம். பன்னிரண்டு அடி உயர பிளக்ஸில் பந்தை ஒற்றைக் கையில் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் நெருப்பு, இடப்பக்கம் ஒரு சிங்கத் தலை. அடியில் கமிட்டிக்காரர்கள் இருபது பேரின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். அவன் அணியில் இன்னும் பதினோரு பேர் ஆடுகிறார்கள் என்பதற்கு அந்தத் தட்டியில் அத்தாட்சியே இல்லை. 2006 மே மாதம் அது. ஊர் பேர் வேண்டாம்.

நான் அங்கே கூடைப்பந்துப் போட்டிக்கு ரெஃபரியாகப் போயிருந்தேன். கமிட்டிச் செயலாளர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கிளாஸை நான் கீழே வைக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "சார், பார்த்து ஊதுங்க. இவ்வளவு சனமும் அந்தப் பையனைப் பார்க்கத்தான் வந்திருக்குது. அஞ்சு ஃபவுல் வாங்கி அவன் வெளியே போயிட்டான்னா, அப்புறம் கேலரியில யாருங்க இருப்பாங்க?"

அவர் கெட்ட மனிதர் அல்ல. மின்விளக்கு வாடகை, சாப்பாடு, லாட்ஜ் என்று கைக்காசு போட்டவர். அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது. வினையே அங்கேதான் ஆரம்பம்.

நெய்க்காரப்பட்டியில் பிறந்த எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கரும்பும் வெல்லமும்தான். பழனியிலிருந்து உடுமலை ரோட்டில் வந்தால், ஆலை ஓடுகிற நாளில் ஊருக்கு முன்னால் வாசம் வந்துவிடும். அப்பா ஆலைக் கொட்டகையில் கொப்பரை முன் நின்று பதம் பார்க்கிற ஆள். கொதிக்கும் பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலில் உருட்டிப் பார்த்து, "இறக்குடா" என்பார். கொஞ்சம் முந்தினால் வெல்லம் இளகிப்போகும், கொஞ்சம் பிந்தினால் கருகும். கரும்பு யார் தோட்டத்தது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. பெரிய பண்ணைக்காரர் கரும்பு என்பதற்காகப் பாகு முன்கூட்டி இறுகிவிடாது.

கூடைப்பந்து எங்கள் ஊர் ஆட்டம் இல்லை. கபடிக்குக் கூட்டம் உண்டு, வாலிபாலுக்கு வலை உண்டு. கூடைப்பந்துக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கம்பம் மட்டும் நின்றது, அதில் துணி காயும். அந்த ஆட்டம் எனக்கு ஒட்டிக்கொண்டது சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில். 1920-ல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய கல்லூரி அது. கூடைப்பந்தே ஒய்.எம்.சி.ஏ. வீட்டுப் பிள்ளைதான்: 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டி ஆடவிட்டது. படிப்பு முடிந்து பழனிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தேன். 1990-ல் ரெஃபரி தேர்வு எழுதினேன். அதிலிருந்து முப்பது வருடம் கோடை விடுமுறை என்று ஒன்று எனக்கு இருந்ததில்லை.

இந்தத் தொழிலில் காசு கிடையாது. முதல் வருடம் ஓர் ஆட்டத்துக்கு 40 ரூபாய் வாங்கினேன். கிடைப்பது வேறு. பத்தடி உயர வளையத்துக்குக் கீழே, வேர்வை தெறிக்கும் தூரத்தில் நின்று ஆட்டத்தைப் பார்க்கலாம். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதம் நடத்தும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைப் போட்டிக்கு, நான் ஊதாத வருடங்களிலும் பார்க்கப் போய்விடுவேன். கப்பற்படை, விமானப்படை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று வருவார்கள். வங்கிப் பையன்கள் பகலில் கவுன்ட்டரில் உட்காருகிறவர்கள் என்று சொன்னால் என் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். இந்த ஆட்டத்தில் நம் நாட்டு நட்சத்திரத்துக்கு இருந்த பெரிய மரியாதை அதுதான். ரயில்வேயிலோ, வங்கியிலோ, சுங்கத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. பேப்பரில் படம் வருவதெல்லாம் அந்த வேலைக்கு ஒரு படிக்கட்டு.

படிக்கட்டு என்று தெரிந்திருந்ததால்தான் 2006 இன்னமும் எனக்கு உறுத்துகிறது.

பிளக்ஸ் பையன் ஏழாம் நம்பர். நல்ல ஆட்டக்காரன், சந்தேகமே இல்லை. ஆனால் மைக்காரர் அவனை விடவில்லை. அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு பட்டம்: புயல், சிறுத்தை, தென்னாட்டு ஜோர்டான். எங்கள் பக்கத்துப் பெரியகலையம்புத்தூர் ஜல்லிக்கட்டிலும் இப்படித்தான், மாட்டை அவிழ்க்கும் முன்பே புகழ ஆரம்பித்துவிடுவார்கள். மாடு அதைக் காதில் வாங்குவதில்லை. பையன்கள் வாங்குகிறார்கள். ரெஃபரியும் வாங்குகிறான்.

மூன்றாம் கால் பகுதியிலேயே ஏழாம் நம்பருக்கு நாலு ஃபவுல். அடுத்து ஒன்று என்றால் வெளியே. கைமேல் கைபோட்டு அவன் அடித்த ஓர் அடியை, என்னோடு ஊதிய நண்பர் பக்கத்தில் நின்ற ஒன்பதாம் நம்பர் பெயரில் எழுதச் சொல்லி மேசைக்கு விரல் காட்டினார். ஒன்பதாம் நம்பர் வாயைத் திறக்கவில்லை, பழகியவன். ஸ்கோர் மேசைக்காரரும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். வெளியாட்களுக்கு இது தெரியாது. நட்சத்திரத்தின் ஐந்தாவது ஃபவுல் பக்கத்தில் நிற்பவன் கணக்கில் ஏறும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாக வருகிறது, தூக்கம் வருவதைப் போல.

கடைசி எட்டு விநாடி. ஏழாம் நம்பரின் அணி ஒரு புள்ளி பின்னால். பந்து அவனிடம். அவனைப் பிடித்து நின்றவன் எதிரணியின் பதினோராம் நம்பர், ஒல்லியான கறுப்புப் பையன். பத்துப் பதினைந்து நாளில் அவனுக்கு ஓர் அலுவலகத் தேர்வு இருக்கிறது என்று அவன் பயிற்சியாளர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

ஏழு வலப்பக்கம் தட்டிக்கொண்டு வந்து, ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் நின்றான். ஒரு ஃபேக், பந்தைப் போடுவது போல ஒரு பாவனை. பதினொன்று ஏமாறவில்லை. கைகள் மேலே, கால்கள் தரையில், பாடப்புத்தகத்தில் வரைந்த படம் போல நின்றான். இன்னொரு ஃபேக். அதற்கும் அவன் எழும்பவில்லை. வழி அடைபட்டதும் ஏழின் ஊன்றுகால் (வலது கால்) தரையை விட்டு எழும்பியது. ஊன்றுகாலைத் தூக்கலாம், தப்பில்லை; அது மறுபடி தரையைத் தொடும் முன் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும். இவன் கால் எழும்பி, அரையடி தள்ளித் தரையில் ஊன்றி, அதன்பிறகு துள்ளிப் போட்டான். டிராவல். எட்டாம் வகுப்புப் பையன் செய்தாலும் ஊதுவேன்.

நான் எட்டடி தூரத்தில் நின்றேன். மறைப்பு ஒன்றும் இல்லை. விசில் வாயில் இருந்தது. ஃபாக்ஸ் 40, சென்னை நண்பர் வாங்கி வந்து கொடுத்தது. அதை உருவாக்கிய ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் கனடாக்காரர், எங்களைப் போல ஒரு கூடைப்பந்து ரெஃபரி. பெரிய ஆட்டமொன்றில் பழைய விசிலுக்குள் இருக்கும் உருண்டை சிக்கிச் சத்தம் வராமல் போனதால், உருண்டையே இல்லாத விசிலைச் செய்தார். ஆக, விசில் மேல் பழிபோட எனக்கு வழி இல்லை. மூச்சும் இருந்தது. ஊதவில்லை.

பந்து போர்டில் பட்டு வளையத்துக்குள் விழுந்தது. மைதானம் வெடித்தது. பையன்கள் உள்ளே ஓடிவந்து ஏழைத் தோளில் தூக்கிவிட்டார்கள். பதினோராம் நம்பர் கத்தவில்லை. உருண்டு வந்த பந்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, என் காலடியில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் பேப்பரில் நாலு காலத்துக்குப் படம். ஒற்றை ஆளாக வெற்றி தேடித்தந்தார் என்று எழுதியிருந்தது. ஒற்றை ஆள் இல்லை, நானும் கூட இருந்தேன்.

ஏன் ஊதவில்லை என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். செயலாளருக்குப் பயந்தா? அடிவிழும் என்றா? அப்படி இருந்திருந்தால் கோழைத்தனம் என்று ஒப்புக்கொண்டு தூங்கியிருப்பேன். உண்மை அதைவிடச் சிக்கல். அந்தக் கணத்தில் என் கண் டிராவலைப் பார்த்தது, மனசு வேறொன்றைப் பார்த்தது. 'இவ்வளவு பெரிய ஆட்டக்காரன் கால் தப்புவானா?' அந்தக் கேள்வி வந்து போக அரை விநாடி. அரை விநாடி கழித்து ஊதும் விசில் விசிலே இல்லை. புகழ் ரெஃபரியை விலைக்கு வாங்குவதில்லை, அவ்வளவு செலவு அதற்குத் தேவையில்லை. ஒரு சந்தேகத்தைப் போட்டுவிட்டுப் போகிறது. அதே கால் பெயரில்லாத பையனுடையதாக இருந்தால் சந்தேகம் எழாது, விசில் முந்திக்கொள்ளும்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் ரசிகர்கள் இதற்கு நட்சத்திர விசில் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மைக்கேல் ஜோர்டான் காலத்திலேயே இந்தப் புலம்பல் உண்டு. 2015 மார்ச்சிலிருந்து என்.பி.ஏ. ஒரு காரியம் செய்கிறது. நெருக்கமாக முடிந்த ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தில் ஊதியது எது சரி, எது தப்பு, ஊதாமல் விட்டது எது என்று மறுநாளே வெளியிடுகிறது. நட்சத்திரத்துக்காக விழுங்கிய விசிலும் அதில் வந்துவிடும். எனக்கு அப்படி ஓர் அறிக்கை கிடையாது. காலடியில் வைத்த பந்துதான்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஆட்டத்துக்கு முன் பிளக்ஸ் பக்கம் போவதில்லை, வீரர்கள் பட்டியலை வாங்கிப் பார்ப்பதில்லை, அன்றைய பேப்பர் விளையாட்டுப் பக்கத்தைப் பிரிப்பதில்லை. ஆட்டத்தில் இடுப்புக்குக் கீழே பார்ப்பேன். முகத்தில் புகழ் இருக்கும், பாதத்தில் இருக்காது.

புகழ் எதைத் தேடிப் போகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2014 ஜூலையில் சீனாவின் வூஹானில் நடந்த ஃபீபா ஆசியக் கோப்பையில் இந்திய ஆண்கள் அணி சீனாவை அதன் சொந்த மண்ணில் 65-58 என்று வென்றது. சீனர்கள் இளம் அணியைத்தான் இறக்கியிருந்தார்கள், இருந்தாலும் சீனா சீனாதான். செய்தி தெரிந்து ஸ்டாஃப் ரூமில் நான் துள்ளியபோது, "அப்படியா சார்?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் விடைத்தாள் திருத்தப் போனார்கள். பேப்பரில் அது உள்பக்கத்தில் கைக்குட்டை அளவுச் செய்தி.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2015 ஜூன் 25-ல், பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னாம் சிங் பாமராவை டல்லாஸ் மேவரிக்ஸ் அணி என்.பி.ஏ.வின் வருடாந்தர ஆள்தேர்வில் 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. வயது 19, உயரம் ஏழடி இரண்டங்குலம். அந்தத் தேர்வில் இடம்பிடித்த முதல் இந்தியர். அவரை லூதியானா அகாடமியில் வளர்த்த பயிற்சியாளர் சங்கரன் சுப்பிரமணியன். பேரைக் கேட்டதும் நம்ம பக்கத்து ஆள் என்று எனக்கு ஒரு பூரிப்பு. இந்த முறை ஸ்டாஃப் ரூமில் செய்தியை என்னிடம் சொன்னது தமிழாசிரியை. டிவி, பேப்பர் எல்லாம் சத்னாம்தான். அடுத்த வருடம் வந்த ஆவணப்படத்துக்கு 'நூறு கோடியில் ஒருவர்' என்று பொருள்படும் தலைப்பு.

2015 ஜூலையில் பள்ளிச் சுவரில் சாக்பீஸ் கோடுகள் முளைத்தன. பையன்கள் ஒருவர் தலைமேல் ஒருவர் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டார்கள். பந்துக்கு வந்த கூட்டத்தைவிடச் சுவருக்கு வந்த கூட்டம் அதிகம். ஒருநாள் கரும்பு வெட்டப் போகிற ஓர் அம்மா, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கேட்டார்: "ஏனுங்க சார், எத்தனை அடி வளர்ந்தா எடுத்துக்குவாங்க?" பையனுக்குப் பதிமூன்று வயது, ஐந்தடி எட்டங்குலம். நன்றாக வளருவான், ஆனால் ஓடத் தெரியாது, ஓடப் பிடிக்கவும் இல்லை. நான் உயரத்தைப் பற்றிப் பேசாமல் தினம் சாயங்காலம் அனுப்புங்கள் என்றேன். மூன்று வாரம் வந்தான். அவனைப் பார்க்க டிவிக்காரர்கள் எப்போது வருவார்கள் என்று இரண்டு முறை கேட்டான்.

சத்னாம் என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. கிளை அணியான டெக்ஸாஸ் லெஜண்ட்ஸில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு இந்தியாவில் ஒரு லீக், கனடாவில் ஓர் அணி, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டாண்டுத் தடை. 2021-ல் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 52-வது தேர்வு என்றாலே உறுதி இல்லாத இடம். அந்த வரிசையில் வருகிறவர்களில் நிலைத்து ஆடுகிறவர்கள் குறைவு. இதை ஏதாவது ஒரு பேப்பர் அன்று ஒரு வரி போட்டிருக்கலாம். ஆடத் தொடங்குமுன்பே நூறு கோடிப் பேரைத் தோளில் ஏற்றினால் ஏழடி என்ன, பத்தடி ஆளும் குனிவான். லெப்ரான் ஜேம்ஸைப் பள்ளியில் படிக்கும்போதே, 2002-ல், 'தேர்ந்தெடுக்கப்பட்டவன்' என்று ஒரு பத்திரிகை அட்டையில் போட்டது. அவர் தாங்கினார். தாங்கியவரை மட்டும் நமக்குத் தெரிவதால், தூக்கி வைத்தால் எல்லோரும் தாங்குவார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது ஓர் ஆத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் கோடு போட்ட பையன்களிடம் அனிதா பால்துரை யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. சென்னைப் பெண், தென்னக ரயில்வே. பதினெட்டு வருடம் இந்தியாவுக்கு ஆடியவர், பல முறை கேப்டன். பிள்ளை பெற்ற பிறகு திரும்பி வந்து, 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் இந்தியாவை வழிநடத்தினார். இறுதி ஆட்டம் கஜகஸ்தானோடு, 75-73. இரண்டே புள்ளி. அதில் ஜெயித்து இந்தியா மேல் பிரிவுக்குப் போனது. 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த வாரம் அவர் படம் பேப்பரில் வந்தது, அடுத்த வாரம் இல்லை. ஏழடி உயரம் இல்லை, அமெரிக்கா போகவில்லை, அதனால் கதை இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலும். பதினெட்டு வருடம் ஒரே வேகத்தில் முட்டி தேய்வது ஒரு கதையாகத் தோன்றவில்லை.

புகழே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2019 அக்டோபரில் மும்பையில் சாக்ரமெண்டோ கிங்ஸும் இந்தியானா பேசர்ஸும் ஆடினார்கள், இந்தியாவில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டங்கள் அவை. முதல் நாள் கேலரி நிறையப் பள்ளிப் பிள்ளைகள், ஆட்டமும் கூடுதல் நேரம் வரை போய் ஒரு புள்ளியில் முடிந்தது. டிவியில் அதைப் பார்த்த என் மாணவிகள் நாலு பேர் மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நின்றார்கள். அந்தக் காலைக்காக எந்த ஆரவாரத்தையும் மன்னிப்பேன். அவர்களில் இருவர் கல்லூரி அணிவரை போனார்கள்.

இப்போது ரீல்ஸ் காலம். பையன் ஆட்டம் முடிந்து வந்து, "சார், நீங்க ஊதினது தப்பு, பாருங்க" என்று செல்போனை நீட்டுகிறான். பதினைந்து விநாடித் துண்டு, பின்னால் சினிமாப் பாட்டு. பல சமயம் அவன் சொல்வது சரிதான். 2006-ல் யார் கையிலாவது இந்தக் கருவி இருந்திருந்தால் என் பிழைப்பு நாறியிருக்கும், நியாயமாகவே.

பதினோராம் நம்பரைப் பத்து வருடம் கழித்து ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன். கமிஷன் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அவன்தான் என்னை முதலில் அடையாளம் கண்டு, "வாங்க சார்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டான். அந்தத் தேர்வு என்னவாயிற்று என்று கேட்டேன். ஒரு வேலைதான் இருந்ததாம், அதற்கு ஏழாம் நம்பரையே எடுத்தார்களாம். அந்த ஓர் ஆட்டம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஏழாம் நம்பர் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன் என்று அவனே சொன்னான். தராசில் தக்காளிப் பெட்டி ஒன்றை மாற்றி வைத்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அன்னைக்கு அது டிராவல்தானுங்க சார்?" என்றான்.

"டிராவல்தான்" என்றேன்.

தலையாட்டிவிட்டு டீ சொன்னான். அதற்குமேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

நான் ஓய்வுபெற்றாயிற்று. முட்டி ஒத்துழைத்தால் பள்ளி ஆட்டங்களுக்கு மட்டும் ஊதுகிறேன். விளையாட்டுச் செய்தி எழுதும் நிருபர் தம்பிகளுக்கு ஒன்று. 2006-ல் அந்தப் பேப்பரில் எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. இரவு பத்தரைக்கு ஆட்டம் முடிந்து, பதினொன்றுக்குச் செய்தி போக வேண்டும் என்றால், மைக்காரர் கத்திய பெயர்தான் கைக்குக் கிடைக்கும். ஆனால் ஸ்கோர் மேசையில் கார்பன் வைத்து எழுதிய தாள் இருக்கிறது. மூலத்தாள் கமிட்டிக்கு, நகல்கள் இரண்டு அணிக்கும். இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு பெயர், யார் எத்தனை புள்ளி, யாருக்கு எத்தனை ஃபவுல், எல்லாம் இருக்கும். மேசைக்காரரிடம் கேட்டால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ள விடுவார். காசு கேட்க மாட்டார்.